கதவில் யார் பெயர்? சிறு ஏஜென்சிகளுக்கான கிளையன்ட் போர்ட்டல்கள்

போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் எங்கள் துணிக்கடை கிளையன்டின் விளம்பரம் ஒன்று இரண்டு நாள் தப்பான சதவீதத்தோடு ஓடியது. கடையில் 30, விளம்பரத்தில் 40. "நீங்கதானே ஓகே சொன்னீங்க" என்று வாட்ஸ்அப் குழுவைத் திறந்து காட்டினோம். கட்டைவிரல் இருந்தது உண்மை. அதற்கு மேலே வரிசையாக நான்கு படங்கள் இருந்ததும் உண்மை. எந்தப் படத்துக்கு அந்தக் கட்டைவிரல்? குழுவில் ஏழு பேர், ஏழு பேருக்கும் ஏழு ஞாபகம். அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத்தான் பேச்சை முடித்தோம்.

அதற்கப்புறம்தான் போர்ட்டல், அதாவது கிளையன்ட் லாகின் செய்து தன் வேலையையும் ரிப்போர்ட்டையும் பார்க்கும் தளம், தேட ஆரம்பித்தோம். கோவையில் ஒன்பது பேர் வேலை செய்யும் ஏஜென்சி எங்களுடையது. பதினான்கு கிளையன்ட்கள்: துணிக்கடைகள், பல் மருத்துவமனை, பம்ப்செட் தயாரிப்பாளர், மனை விற்பவர்கள், திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதியாளர். இந்த அளவுள்ள ஒருவர் என்ன வாங்கலாம், எதில் ஏமாறலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். நூறு பேர் வேலை செய்யும் ஏஜென்சிக்குக் கணக்கு வேறு.

தேடத் தொடங்கியதும் நாங்கள் செய்த முதல் தப்பு, 'ஒயிட் லேபிள்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. நம் லோகோ, நம் நிறம், நம் முகவரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு படிகள் இருக்கின்றன, ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு படியில் நின்றுகொண்டு அதே சொல்லைத்தான் சொல்கிறது. லோகோ மாற்ற விடுவது முதல் படி. போர்ட்டல் நம் சப்டொமைனில் (நம் வலைத்தள முகவரியின் ஒரு கிளையில்) திறப்பது அடுத்தது. லாகின் பக்கம் நம்முடையதாக இருப்பது ஒன்று, கடவுச்சொல் மாற்றும் மின்னஞ்சல் நம் முகவரியிலிருந்து போவது இன்னொன்று. பல இடங்களில் வழுக்குவது இந்த மின்னஞ்சல் படியில்தான். போர்ட்டல் முழுக்க உங்கள் பெயர் இருக்கும். கிளையன்டுக்கு வரும் முதல் அழைப்பு மெயில் மட்டும் கேள்விப்படாத ஏதோ அமெரிக்க கம்பெனி பெயரில் வரும். அவர் அதை ஸ்பேம் என்று நினைத்து அழித்துவிடுவார். நம் டொமைனிலிருந்து அனுப்ப விடுகிறார்கள் என்றாலும், மெயில் நம்முடையதுதான் என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ரெக்கார்டுகளை டி.என்.எஸ்.ஸில் (டொமைனின் பதிவேட்டில்) சரியாகப் போடாவிட்டால் அதுவும் ஸ்பேமுக்குத்தான் போகும்.

கடைசிப் படி மொபைல் ஆப். 'உங்கள் பெயரிலேயே ஆப்' என்று விற்பவர்கள் உண்டு. வார்ப்புருவில் அச்சடித்த ஆப்களை, அவற்றைத் தயாரித்துத் தரும் கம்பெனியே மொத்தமாக ஏற்றுவதை ஆப்பிள் தன் விதி 4.2.6-இன் கீழ் ஏற்பதில்லை. அந்தந்த வியாபாரத்தின் சொந்தக் கணக்கிலிருந்துதான் ஏற்ற வேண்டும். ஆக, ஆப்பிளின் டெவலப்பர் கணக்குக்கு வருடம் 99 டாலர், கூகுள் பிளேவுக்கு ஒருமுறை 25 டாலர், அதற்கு மேல் போர்ட்டல்காரர் ஆப்புக்கென்று வாங்கும் தொகை. பதினான்கு கிளையன்டுக்காக இதைச் செய்வது, சொந்தக்காரர்கள் நாலு பேர் வரும் விசேஷத்துக்குக் கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி.

சரி, இத்தனை படிகளையும் ஏறிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். கிளையன்ட் உள்ளே எதற்காக வருவார்? இந்தக் கேள்வியை நாங்கள் மூன்றாவது டெமோவுக்குப் பிறகுதான் கேட்டோம். முதல் டெமோவிலேயே கேட்டிருக்க வேண்டும். போர்ட்டல் என்று விற்கப்படுபவை உண்மையில் மூன்று வேறு சாமான்கள். எண்களைக் காட்டும் ஜன்னல் ஒன்று. வேலைக்கு ஒப்புதல் வாங்கும் மேஜை ஒன்று. லீட்களை (வாங்க விரும்பி விசாரிப்பவர்களை) பிடித்துத் தரும் கல்லாப்பெட்டி ஒன்று. மூன்றையும் ஒரே அட்டவணையில் வைத்து விலை ஒப்பிட்டால் புரியவே புரியாது.

முதலில் எண்கள். இதில் இலவசமாகக் கிடைப்பது கூகுளின் லுக்கர் ஸ்டூடியோ. 2016-ல் டேட்டா ஸ்டூடியோவாக வந்து 2022-ல் பெயர் மாறியது. கூகுள் ஆட்ஸ், ஜி.ஏ.4 (இன்றைய கூகுள் அனலிட்டிக்ஸ்), சர்ச் கன்சோல், யூடியூப், ஷீட்ஸ் எல்லாம் காசில்லாமல் இணையும். சிக்கல் மெட்டாவில். நம் ஊர்க் கிளையன்டுகளின் பணம் பாதிக்கு மேல் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும்தான் போகிறது, அதற்கோ கூகுள் சொந்தமாக இணைப்பு தருவதில்லை. சூப்பர்மெட்ரிக்ஸ் போன்ற வெளி ஆட்களிடம் மாதக் கட்டணம் கட்ட வேண்டும்; இல்லையென்றால் யாராவது ஒருவர் வாரா வாரம் ஷீட்டில் கொட்ட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்த 'யாராவது' பயிற்சிக்கு வந்த ஒரு பெண். அவர் லீவு போட்ட வாரத்தில் எல்லா வரைபடங்களும் தரைக்கு இறங்கின. இரண்டு கிளையன்ட்கள் பதறிப்போய் போன் செய்தார்கள். (ரிப்போர்ட்டை ஒழுங்காகப் பார்க்கும் கிளையன்ட்கள் யார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.)

லுக்கர் ஸ்டூடியோவில் நம் லோகோவை ரிப்போர்ட்டுக்குள் போடலாம்; முகவரி கூகுளுடையதாகவே இருக்கும். அதை மறைக்கப் பலர் செய்வது, தங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் கடவுச்சொல் போட்ட ஒரு பக்கத்தைத் திறந்து அதற்குள் ரிப்போர்ட்டைப் பதிப்பது. நாங்களும் செய்தோம். ஆனால் அந்தக் கடவுச்சொல் காப்பது பக்கத்தை மட்டும்தான். ரிப்போர்ட் 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற நிலையில் இருந்தால், உள்ளே வந்த ஒருவர் அந்த லிங்கை எடுத்து யாருக்கும் அனுப்பலாம். ஆறு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப்போன கிளையன்டின் மேனேஜர், இப்போது போட்டிக் கடையில் உட்கார்ந்து செலவுக் கணக்கைப் பார்க்கலாம். ரிப்போர்ட்டைக் குறிப்பிட்ட ஜிமெயில் முகவரிகளுக்கு மட்டும் திறந்துவிடுவதுதான் பத்திரம். அப்படிச் செய்தால் கிளையன்ட் கூகுள் கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். வெளித்தளக் குக்கீகளைத் தடுக்கும் பிரவுசர்களில் பதித்த சட்டகத்துக்குள் அந்த லாகின் மக்கர் செய்யும். அதனால் நான் பதிப்பதையே விட்டுவிட்டு நேரடி லிங்கைத்தான் கொடுக்கிறேன். முகவரியில் கூகுள் பெயர் இருப்பதைப் பார்த்து எந்தக் கிளையன்டும் இதுவரை முகம் சுளித்ததில்லை. சிலருக்கு அதுவே நம்பிக்கை தருகிறது.

காசு கொடுத்து வாங்கும் ரிப்போர்ட் போர்ட்டல்களில் கனடாவைச் சேர்ந்த ஏஜென்சிஅனலிட்டிக்ஸும் டேஷ்திஸும் பரவலாகப் பேசப்படுபவை. மெட்டா, கூகுள், லிங்க்ட்இன் எல்லாவற்றையும் கேட்காமலே இணைத்துத் தருகிறார்கள். சொந்த டொமைன், சொந்த நிறம் எல்லாம் முறையாக இருக்கிறது. ஒன்று தலைக்கு இவ்வளவு என்று கிளையன்ட் எண்ணிக்கையை வைத்து வாங்குகிறது, மற்றது டேஷ்போர்டு எண்ணிக்கையை வைத்து. அமெரிக்காவில் ஒரு கிளையன்டிடம் மாதம் இரண்டாயிரம் டாலர் வாங்குபவருக்கு அதில் பதினைந்தோ இருபதோ டாலர் போவது தெரியாது. மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுக்கும் பல் மருத்துவமனைக்காக நாம் கட்டும்போது உறைக்கும். டேஷ்போர்டு கணக்கில் இன்னொரு நுணுக்கம்: ஒரே கிளையன்டுக்கு முதலாளி பார்க்க ஒன்று, மார்க்கெட்டிங் ஆள் பார்க்க ஒன்று என்று பிரித்தால் இரண்டாக எண்ணப்படும்.

எதை வாங்கினாலும் மாதக் கடைசியில் ஒரு பி.டி.எஃப். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜி.ஏ.4-க்கு முந்தைய யூனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-ல் தரவு சேர்ப்பதை நிறுத்தியது, மறு வருடம் ஜூலையிலிருந்து கூகுள் பழைய தரவையும் எடுத்துவிட்டது. அதை நேரடியாக இழுத்துக் காட்டிக்கொண்டிருந்த டேஷ்போர்டுகளுக்குக் கீழே அப்புறம் எதுவும் இல்லை. மூன்று வருட வளர்ச்சியை வரைபடமாகக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாங்கள், கையிலிருந்த பி.டி.எஃப்.களைத் தேடி எடுத்து எண்களை மறுபடி தட்டச்சு செய்தோம்.

இனி ஒப்புதல். ஆடித் தள்ளுபடிச் சண்டை இங்கேதான் தீர வேண்டும். எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது இதுதான், இரண்டு மாதம் ரிப்போர்ட் போர்ட்டல்களைச் சுற்றிவிட்டு இதற்கு வந்தோம்.

வெளிநாட்டில் நல்ல பெயர் எடுத்தவை இரண்டைப் பார்த்தோம். ஒன்று சூட்டேஷ். உச்சத் திட்டமே நாங்கள் பார்த்தபோது மாதம் 99 டாலர், எத்தனை கிளையன்ட், எத்தனை ஊழியர் என்றாலும் அதே விலை. ஃபைல், வேலைப்பட்டியல், ஒப்பந்தம், பில், சாட் எல்லாம் உண்டு. அதுவே அதன் குறையும்கூட. உள்ளே போனால் ஒரு மளிகைக் குடோனில் சீரகம் தேடுவது போல இருக்கும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானித்து அமைக்கவே ஒருவர் சில வாரம் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் உங்களிடம் இருந்தால், இந்த விலைக்கு இவ்வளவு வேறு யாரும் தருவதாக எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, கோபைலட் என்ற பெயரிலிருந்து 2025-ல் அசெம்ப்ளி என்று மாறியது. சுத்தமான வீடு. கிளையன்ட் உள்ளே வந்தால் தொலைய மாட்டார். ஆனால் ஆள் கணக்கு, திட்டக் கணக்கு என்று விலை ஏறும்.

இந்த மாதிரிப் போர்ட்டல்களின் பெரிய கவர்ச்சியே 'பில்லும் அங்கேயே, பணமும் அங்கேயே' என்பது. அது பெரும்பாலும் ஸ்டிரைப்பையோ பேபாலையோ நம்பியிருக்கிறது. பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் நடக்கும் பணப்பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. ஸ்டிரைப் 2024 முதல் இந்தியாவில் அழைப்பு உள்ளவர்களை மட்டும்தான் சேர்க்கிறது. ஆகவே விலையில் பாதி நியாயம் சொல்லும் அந்தப் பகுதி, யு.பி.ஐ.யிலும் காசோலையிலும் பணம் தரும் நம் கிளையன்டுகளிடம் சும்மா கிடக்கும். ஜி.எஸ்.டி. பில் டேலியிலிருந்தோ வேறெங்கிருந்தோதான் போகப்போகிறது. விலை பார்க்கும்போது அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

உள்ளூர் வழி என்றால் ஜோஹோ. சென்னைக் கம்பெனி, ரூபாயில் ஜி.எஸ்.டி.யோடு பில் வரும், இந்தியாவிலேயே தரவு மையம் இருக்கிறது என்பதெல்லாம் கணக்குப்பிள்ளைக்குப் பிடித்த காரணங்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஜோஹோ சோஷியலின் ஏஜென்சி திட்டத்தில் கிளையன்டுக்கென்றே நம் அடையாளத்தோடு ஒரு போர்ட்டல் உண்டு. போஸ்ட்டைப் போட்டு வைத்தால் அவர் பார்த்து, கருத்துச் சொல்லி, அந்தப் போஸ்ட்டின் மேலேயே ஒப்புதல் தரலாம். எந்தப் படத்துக்கு எந்தக் கட்டைவிரல் என்ற கேள்விக்கு இடமே இல்லை. குறை என்னவென்றால் அது சமூக ஊடகப் போஸ்ட்டுக்கு மட்டும். கடை வாசல் பேனர், வலைத்தளப் பக்கம், தேடல் விளம்பர வாசகம் இவற்றுக்கு ஜோஹோ புராஜெக்ட்ஸில் கிளையன்ட் யூசராகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் ஜோஹோ கிரியேட்டரில் நாமே ஒரு போர்ட்டல் கட்ட வேண்டும். எல்லாம் ஒரே கம்பெனியுடையதுதான், ஆனால் பார்க்க ஒரே வீட்டு அறைகள் மாதிரி இருக்காது. பங்காளிகள் வீடு மாதிரி இருக்கும். ஆதரவுக்குத் தமிழில் பேச ஆள் கிடைத்தது ஒருமுறை பெரிய உதவியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் வேண்டாம், வேலை நடந்தால் போதும் என்பவர் பேஸ்கேம்ப்பைப் பார்க்கலாம். எதைக் கிளையன்ட் பார்க்கலாம், எதை நாம் மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் குறிக்க முடியும், கிளையன்ட் தலைக்குக் காசு இல்லை. நாமே வேர்ட்பிரஸில் கட்டிக்கொள்ளலாமே என்று எங்கள் டெவலப்பரும் சொன்னார். இரண்டு வாரம் என்றார். அவர் நல்ல பையன், அதனால் மேற்கொண்டு எழுதவில்லை.

மூன்றாவது சாமான், கல்லாப்பெட்டி. இங்கே ஹைலெவல்தான் எல்லோர் வாயிலும். மாதம் 97, 297, 497 டாலர் என்று மூன்று திட்டம். 97-ல் மூன்று கிளையன்ட் கணக்கு வரை. 297-ல் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, நம் டொமைனில் திறக்கும். 497-ல் அந்த மென்பொருளையே நம் சரக்கு மாதிரி விலை போட்டு விற்கலாம். கிளையன்ட் உள்ளே வந்தால் நேற்றிரவு யார் மனை கேட்டார்கள், யாருக்குத் திரும்ப போன் போகவில்லை என்று தெரியும். மனை விற்பவர்களும் பல் மருத்துவர்களும் தினமும் திறக்கிற போர்ட்டல் இது ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரிப்போர்ட்டுக்கு வராதவர் லீடுக்கு ஓடி வருவார்.

ஆனால் டாலருக்கு 90 ரூபாய் என்று வட்டமாக வைத்தால் 297 என்பது 26,730 ரூபாய். வெளிநாட்டுச் சேவை என்பதால் ஜி.எஸ்.டி.யில் பதிந்தவர் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் தானே கட்டி, பிறகு உள்ளீட்டு வரியாக எடுக்க வேண்டும். பணம் திரும்பினாலும் சுற்று உண்டு. இன்னொரு தொல்லையை யாரும் சொல்வதில்லை. கார்டில் தானாகப் போகும் மாதக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் 15,000 ரூபாய் வரம்பை இது தாண்டுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மாதமும் ஓ.டி.பி. வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஏஜென்சிக்காரர் ஒருவர் ஊட்டியில் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தபோது கட்டணம் தவறி, அவருடைய எல்லாக் கிளையன்ட்களின் போர்ட்டலும் ஒன்றாக முடங்கியது. 'உங்க சாஃப்ட்வேர் வேலை செய்யல' என்று அவருக்குத்தான் போன் வந்தது. வரத்தானே செய்யும், கதவில் இருப்பது அவர் பெயர். ஒயிட் லேபிள் என்றால் பழியும் நம் லேபிளில்தான்.

அமெரிக்காவில் இதன் பலமே எஸ்.எம்.எஸ். இங்கே வணிக எஸ்.எம்.எஸ்.ஸுக்கு டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்தாக வேண்டும் என்பதால், அந்தப் பலம் பாதியாகி வாட்ஸ்அப்பை நம்ப வேண்டியிருக்கிறது. அதோடு நோயாளிகளின் பெயரும் போன் எண்ணும் உங்கள் போர்ட்டலில் கிடக்கும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராத உச்சம் 250 கோடி ரூபாய். நம் அளவுக்கு அவ்வளவு வராது என்று சிரிக்கலாம், ஆனால் வேலையை விட்டுப்போனவரின் லாகினை அன்றைக்கே மூட வேண்டும் என்பதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வாங்கும் முன் எல்லோரிடமும் நான் கேட்ட கேள்வி, கிளையன்ட் விலகினால் என்ன ஆகும் என்பது. விற்பனைப் பிரதிநிதிகளுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. ஒப்புதல் வரலாற்றை ஒரு ஃபைலாக எடுத்துத் தர முடியுமா? போர்ட்டலை நாமே விட்டால்? சப்டொமைனைப் போர்ட்டலுக்குச் சுட்டும் சி-நேம் என்ற டி.என்.எஸ். ரெக்கார்டை அப்படியே விட்டுவிட்டு சந்தாவை ரத்து செய்தால், சில சேவைகளில் வேறொருவர் அதே முகவரியைத் தன் கணக்கில் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரில் கடை திறக்க முடியும். ரெக்கார்டை முதலில் நீக்குங்கள், அப்புறம் ரத்து செய்யுங்கள். இன்னொன்று: விளம்பரக் கணக்குகள் கிளையன்ட் பெயரில் இருக்கட்டும், போர்ட்டல் மட்டும் நம் பெயரில் இருந்தால் போதும். போர்ட்டலைக் காட்டிக் கிளையன்டைக் கட்டிப்போட நினைக்கும் ஏஜென்சிகள் இருக்கின்றன. அவர்களைப் பற்றி ஊருக்குள் என்ன பேச்சு என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு நாங்கள் எடுத்தது: ஒப்புதலுக்கு ஜோஹோ சோஷியலின் போர்ட்டல், எண்களுக்கு லுக்கர் ஸ்டூடியோவின் நேரடி லிங்க், மெட்டா எண்களுக்கு மட்டும் காசு கட்டிய ஓர் இணைப்பு. பனியன் ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டு வாங்குபவர்களும் உள்ளே வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே முகவரி, மெயில், லாகின் எல்லாமே ஒரே பெயரில் இருப்பது மதிப்பு. அவரைப் போல ஐந்து பேர் இருந்திருந்தால் அசெம்ப்ளிக்குப் போயிருப்பேன். கிளையன்ட்கள் எல்லோருமே மனை, மருத்துவமனை என்று லீடுக்காக வருபவர்களாக இருந்தால், ஓ.டி.பி. தொல்லையோடு ஹைலெவலை எடுப்பேன். ஐந்து கிளையன்டுக்குக் கீழே என்றால் எதுவும் வாங்க வேண்டாம். ஒரு ஷீட்டில் தேதி, படத்தின் எண், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கட்டம் போட்டு, 'படம் 14 சரி' என்று எண்ணைச் சொல்லித்தான் வாட்ஸ்அப்பில் பதில் தர வேண்டும் என்று பழக்குங்கள்.

பலரும் 14 நாள் சோதனைக் காலம் தருகிறார்கள். அதில் உங்கள் இனிமையான கிளையன்டைச் சேர்க்காதீர்கள், அவர் எதைக் கொடுத்தாலும் நன்றாயிருக்கிறது என்பார். நாங்கள் துணிக்கடைக்காரரையே சேர்த்தோம். ஆடிச் சண்டை ஆறியிருக்கவில்லை. முதல் நாள் லாகின் ஆகவில்லை என்று இரண்டு போன். இரண்டாம் நாள் மூன்று போஸ்ட்டுக்கு ஒப்புதல் கொடுத்தார், நான்காவதில் விலையைத் திருத்தச் சொன்னார், எல்லாம் போர்ட்டலிலேயே. அன்று சாயங்காலம் போனில் அழைத்தார்.

"எல்லாம் சரிதானுங்க தம்பி, இதுல பில்லு எங்கீங்க இருக்குது?"